லிப்ட்காரரின் துண்டு

“உங்களுக்குக் குளிராதா மாமா?” என்று செண்பகவல்லியின் நான்கு வயது மகள் ஒருமுறை கேட்டாள். லிப்ட்காரர் சூசைமாணிக்கம் தன் துண்டை அவள்மேல் சுற்றிக்கொண்டே, “பெட்டிக்குள்ளயே நிக்கிறவனை எந்த மழை பாப்பா நனைக்கப் போவுது” என்றார். காய்ச்சலில் கொதித்த பிள்ளையோடு, நர்ஸ் வேலைக்கான உத்தரவு வாங்கச் செண்பகவல்லி அந்த அரசு மாளிகைக்கு நனைந்தபடி வந்த நாள் அது. மலைக்கிராமம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே அவள் கையில் பிறந்த முதல் குழந்தையைச் சுற்றிக்கொடுக்க அந்தத் துண்டுதான் இருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து அவளைக் கௌரவிக்க அதே மாளிகைக்கு அழைத்தார்கள். லிப்டில் அவரேதான், நரைத்திருந்தார். “எத்தனாவது மாடிங்கம்மா?” என்றார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. “மூணு” என்று மட்டும் சொன்னாள்.

மேடையில் அமைச்சர் பொன்னாடை போர்த்தினார். “போட்டோ எடுத்தாச்சும்மா, கழட்டிடுங்க. எல்லாரும் கழட்டிட்டாங்க பாருங்க” என்றார் உதவியாளர்.

“இருக்கட்டும் தம்பி. இது இன்னொருத்தரோடது.”

விழா முடிந்து வந்தபோது லிப்ட் கதவு திறந்திருந்தது. சூசைமாணிக்கம் சாப்பிடப் போயிருந்தார். முக்காலியின் மேல் ஒரு பழைய துண்டு மடித்துக் கிடந்தது. செண்பகவல்லி பொன்னாடையைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, நான்காக மடித்து அந்தத் துண்டுக்கு அடியில் வைத்தாள். பிறகு படிகளில் இறங்கினாள்.