கேட்டைத் தாண்டிய கருங்காலி

“கருங்காலி முர்தாபாத்!”

ஷ்யாமளா தலையைக் குனிந்தபடி கூட்டத்தைத் தாண்டி கேட்டுக்குள் போனாள். ஸ்ட்ரைக் தொடங்கியதிலிருந்து தினமும் இதே ‘ஒழிக’க் கூத்துதான்.

சங்கச் செயலாளர் பஞ்சுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுங்காவில் அந்தக் கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளர்களையும் அட்டெண்டர்களையும் ஒரே சங்கமாகச் சேர்த்ததே பெரும்பாடு. எல்லாரையும் நிரந்தரமாக்கு என்று மொத்தப் பேரும் வெயிலில் நிற்கிறார்கள். இந்த அம்மாள் மட்டும் உள்ளே போய் டாக்டர் பட்டத்துக்கு வழி பார்க்கிறாளாம்.

கோஷம் போடுவதில் இசக்கியை அடிக்க ஆளில்லை. ஆராய்ச்சிக்கு எலி, முயல் வளர்க்கிற விலங்குக்கூடத்து அட்டெண்டர். தாராவியிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக வந்துவிடுவார். ஷ்யாமளாவைக் கண்டுவிட்டால் அவர் குரல் தாதர் டிராம் நிலையம் வரைக்கும் கேட்கும்.

சாயங்காலக் கூட்டத்தில் அவளைச் சங்கத்தை விட்டே நீக்குவது என்று பஞ்சு முடிவு கட்டிவிட்டான். நீக்கிவிட்டால் அப்புறம் அவள் வேலைக்காகப் பேச நாதியில்லை. கையும் களவுமாகப் பிடித்தால் யாரும் மறுக்கமாட்டார்களே என்று பின்வழியாக உள்ளே நுழைந்தான்.

அவளுடைய ஆராய்ச்சி மேஜை தூசி படிந்து கிடந்தது. ஷ்யாமளா விலங்குக்கூடத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எலிக்கூண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

“இதுகளுக்கு ஸ்ட்ரைக்கைப் பத்தி என்ன தெரியும்? பட்டினியா கிடக்குமே,” என்றாள்.

பூட்டிய கூடத்துக்குச் சாவி யார் கொடுத்தது என்று பஞ்சு துருவித் துருவிக் கேட்டான்.

“சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அந்தக் கீரையை இப்படி எடுங்கோ.”

செயலாளருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, முயல்களுக்குக் கீரை நறுக்க உட்கார்ந்தான்.

கேட் வழியாக வெளியே வந்தபோது பேண்ட் முழுக்கத் தவிடு. தங்கள் செயலாளரே உள்ளேயிருந்து வருவதை எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள். முதலில் சுதாரித்துக்கொண்டவர் இசக்கிதான்.

“பஞ்சு முர்தாபாத்!”

கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஓங்கிய கையோடு இசக்கி நேராக அவனிடம் வந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று பஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இசக்கி அவன் காதோரம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: “அந்தச் சினை மொசல் இன்னைக்காவது தின்னுச்சா சார்?”