குணாளனின் வாக்குமூலம்

இறந்துபோன தொழிலாளியைப் போலவே பேசிப் பதில் சொல்லும் குரல் நகலும் விபத்து விசாரணையில் சாட்சி சொல்லலாம் என்று சட்டம் வந்த பிறகு, கம்பெனிகள் அதை மறக்காமல் அழைத்துவந்தன. தொழிற்சாலை ஆய்வாளரின் மேஜைமேல் இருந்த சின்னப் பெட்டியை வேதவல்லி நம்பாமல் பார்த்தாள். அரவை எந்திரத்தைப் பழுதுபார்க்க இறங்கி, அது ஓடியதில் செத்துப்போன அவள் கணவன் குணாளன் அந்தப் பெட்டியிலிருந்து பேசினான்.

"தப்பு என்னோடதுதான் சார். வேற யாரும் ஓட்டிடாம சுவிட்சுக்குப் போடுற பூட்டைப் போடாம உள்ள இறங்கிட்டேன். கம்பெனி மேல குத்தமே இல்ல."

குரல் அவனுடையதுதான், அந்தச் செருமல்கூட. ஆனால் கம்பெனியைப் பற்றி இத்தனை பரிவாக அவன் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை.

"ஏங்க, அப்ப உங்க பூட்டு எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"டூல் பையிலதான் வல்லி. திறந்தபடியே கெடந்துச்சு."

"சாவி?"

"பூட்டுலயேதான் இருந்துச்சு."

வேதவல்லி கைப்பையிலிருந்து ஒரு சிவப்புச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மார்ச்சுவரில இவரு அரணாக் கயித்துலேருந்து நானே அவுத்தேன் சார். அந்தப் பூட்டைப் பூட்டினாத்தான் சாவி கழண்டு வரும். இவரு சொல்லிச் சொல்லி என் காதே புளிச்சுப்போச்சு."

ஆய்வாளர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். குணாளனின் டோக்கன் எண் அதில் பொறித்திருந்தது.

"சாவி உன் இடுப்புல இருந்திருக்கு. அப்ப சுவிட்சுல நீ போட்ட பூட்டை யாருப்பா உடைச்சது?" என்று பெட்டியிடம் கேட்டார்.

பெட்டி ஒருமுறை செருமியது.

"மேனேஜர் சாரைக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

"அதையும் அப்படியே எழுதிக்குங்க சார்" என்றாள் வேதவல்லி.