இடது பட்டன்

தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மிஷின் இறங்க, இரண்டு பட்டன்களையும் இரண்டு கைகளால் அழுத்த வேண்டும். கைகள் அங்கே இருந்தால் அச்சுக்குள் போகாது அல்லவா. அருளப்பன் இடது பட்டனில் மரத்துண்டைச் செருகிவிட்டு வேகமாக வேலை பார்த்தான். இடது கை போயிற்று. அதன்பிறகு தொடு பட்டன் வைத்தார்கள். மனிதத் தோல் பட்டால்தான் அது கேட்கும்.

செயற்கைக் கையோடு வேலைக்குத் திரும்பிய அருளப்பன் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். மிஷின் அசையவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணே," என்று பக்கத்து மிஷின் பேச்சிக்கனி அவனுக்கு இடப்புறம் வந்து நின்று, தன் வலது கையை அந்தப் பட்டனில் வைத்தாள். "ம், நீங்க வலது பட்டனைத் தொடுங்க."

மிஷின் இறங்கி ஏறியது. அடுத்து வைத்த தகடு அச்சுக்குள் சற்றே கோணலாகக் கிடந்தது. அவளுடைய இடது கை எந்தப் பட்டனிலும் இல்லாமல் சும்மாதான் இருந்தது.