நத்தையாரின் கிரகப்பிரவேசம்

நத்தையார் ஆயுள் முழுக்க வீட்டை முதுகில் சுமந்து ஊர் சுற்றியவர். ஒரே புற்றில் குடியிருக்கும் எறும்பைக் கண்டால், "என்ன, கிணற்றுத் தவளை!" என்று இளக்காரமாகக் கூப்பிடுவார்.

வயசானதும் அவருக்கே ஓரிடத்தில் உட்கார ஆசை வந்தது. மூன்று மாதம் இடம் தேடி, வாஸ்து பார்த்து, குளத்தங்கரையில் ஒரு கரும்பாறையைப் பிடித்தார். அதன் உச்சியில் வாசலைக் கிழக்கே வைத்து ஒட்டிக்கொண்டு, எறும்பைக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தார்.

"இனி ஓரடி நகர மாட்டேன். தண்ணீர் வசதிதான் கொஞ்சம் தூரம்" என்றார்.

எறும்பு பாறையை ஒருமுறை சுற்றி வந்தது. அடியில் நான்கு கால்கள் தெரிந்தன. கிணற்றுத் தவளைக்கு எதற்கு வம்பு?

"மனை அமைஞ்சா இப்படி அமையணும் அண்ணே!" என்றது.

ஆமை கொட்டாவி விட்டு எழுந்து, மேற்கே திரும்பிக் குளத்தில் இறங்கியது.

"தண்ணியும் வந்துடுச்சு அண்ணே!" என்று கரையிலிருந்து கத்தியது எறும்பு.