நிழல் பாட்டு

என் மூத்தவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த எப்சிபா அக்கா சொன்ன கதை இது.

ஒரு தோட்டத்தைப் பருந்து ஆண்டு வந்தது. கோழிக்குஞ்சுகளுக்கென்று அது ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. தரையில் பருந்தின் நிழல் விழுந்தால் ஓடக்கூடாது, வரிசையாக நின்று "நிழலே எங்கள் குடை" என்று பாட வேண்டும். அதுதான் பாடம். வீட்டில் அம்மா நிழலைக் கண்டு சிறகுக்குள் வரச் சொல்லிக் கூப்பிட்டால், மறுநாள் வந்து வாத்தியாரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன குஞ்சுக்கு ஒரு பிடி கம்பு கிடைக்கும்.

ஒரு கோழியின் கடைக்குட்டி நன்றாகப் பாடும். பொழுது சாய்ந்தாலும் சிறகுக்குள் வராமல் தள்ளியே படுக்கும். அம்மாக் கோழி ஒரு சிறகை மடக்காமலே தூங்கும்.

ஒரு மத்தியானம் இரண்டும் மேய்ந்துகொண்டிருந்தபோது நிழல் விழுந்தது. குஞ்சு நிமிர்ந்து நின்று பாட ஆரம்பித்தது. அம்மா பதறிக் கூப்பிட்டது.

"இப்படிக் கூப்பிடாதேம்மா. நாளைக்கு வாத்தியார்கிட்ட சொல்லிருவேன்."

"சொல்லு கண்ணு. போய்ச் சொல்றதுக்கு நாளைக்கு நீ இருக்கணும் இல்லையா? இப்போ உள்ளே வா."

நிழல் பெரிதாகிக்கொண்டே வந்தது. குஞ்சு பாட்டை விடவில்லை. ஆனால் ஒரு கால் மட்டும் அம்மா பக்கம் நகர்ந்தது.

எப்சிபா அக்கா அதோடு நிறுத்திவிட்டாள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். தன் பிள்ளையை அணைத்துக்கொண்டு, "அம்மா சிறகை மடக்கலை" என்றாள்.

என் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தக் குஞ்சு வந்து சேர்ந்ததா என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது அதற்கும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.