பூஞ்சைக்குக் காது

"அறிவியல் இருக்குற அறையில மூடநம்பிக்கைக்கு நாற்காலி கிடையாது!"

ஆய்வகத்தில் இருந்ததே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அமர்ந்து இப்படி அறிவித்தவன் சயின்ஸ் தம்பி. இன்னொன்றில் அவனுக்கு சீனியரான அக்கா.

ஸ்டெம் செல்லிலிருந்து தோல் வளர்ப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால், எப்படி வருகிறது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஏதோ, சுமார்தான்."

நன்றாக வருகிறது என்று வாய்விட்டுச் சொன்னால், அன்றைக்கே பூஞ்சை பிடித்துவிடுமாம்.

"பூஞ்சைக்குக் காது இருக்காக்கா?" என்று அவன் கேட்காத நாளில்லை.

இன்று அக்காவுக்குச் சளி. சுத்த அறைக்குள் விடமாட்டார்கள். வளர்ப்புத் தட்டிலிருந்து தோலைப் பிரித்தெடுக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது.

இந்தத் தோலுக்காக ஒரு சிறுமி காத்திருக்கிறாள். அவளுக்கு, லேசாக உரசினாலே தோல் உரிந்துவிடும் நோய். அவளுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து, கோளாறைச் சரிசெய்து வளர்த்த தோல் இது. முதுகுக்கு. பள்ளிக்கூடப் பையை இனி அப்பா தூக்கக் கூடாது, தானேதான் மாட்டிக்கொள்வேன் என்று அறுவை செய்யப்போகும் டாக்டரம்மாவிடம் கண்டிஷன் போட்டிருக்கிறாள்.

இடுக்கியால் ஓரத்தைத் தொட்டான். மூச்சு விடவில்லை.

கழன்றது!

வெங்காயச் சருகு மாதிரி, முழுசாக, ஒரு பொத்தல்கூட இல்லாமல் திரவத்தில் மிதந்தது.

எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. கையில் இடுக்கி. ஆகவே, ஷூவுக்குள் கால் விரல்கள் மட்டும் ஆட்டம் போட்டன.

சுவரிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. அறுவை அரங்கிலிருந்து டாக்டரம்மா.

"தம்பி, தோல் எப்படிப்பா இருக்கு? நீ சொன்னாத்தான் பாப்பாவுக்கு மயக்க மருந்து."

'பிரமாதம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தட்டைப் பார்த்தான். கூரையில் காற்று வரும் வடிகட்டியைப் பார்த்தான். பிறகு, தட்டுக்குக் கேட்டுவிடாத தூரத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏதோ... சுமார்தான் டாக்டர்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சுமார் என்றால் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுவாரே! அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

டாக்டரம்மா பல வருடமாக அக்காவிடம் தோல் வாங்குபவர்.

"சுமாராம்!" என்று அரங்கமே அதிரக் கத்தினார். "ஓடுங்க, ஓடுங்க, பாப்பாவக் கூட்டிட்டு வாங்க!"

யாரோ விசிலடித்தார்கள்.