கூடையில் நாலு கன்று

“ஒரு கன்னு கூடத் தர முடியாது, போ” என்று தன் வாழைத்தோட்டத்தில் நின்று அண்ணன் வேடியப்பன் சொன்னதும் சசிகலாவுக்கு முகம் சுண்டிப்போனது.

பின்னே? தங்கச்சி கேட்டால் வாழைக்கன்று சும்மா கொடுப்பதுதானே ஊர் வழக்கம். ஆரணியில் பட்டு நெய்கிறவள், நகையை அடகு வைத்து முதல்முறையாக அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்திருக்கிறாள். அண்ணன் இருக்கிற தைரியம்தான்.

“ரெண்டு ஏக்கரும் தளதளன்னு நிக்குது. உனக்கு இன்னா கொறஞ்சி போவுது?”

“பேஜார் பண்ணாத சசி. இதுல கால் கழுவிட்டுக் கெளம்பு.” ப்ளீச்சிங் வாடை அடிக்கும் பக்கெட்டைத் தள்ளிவிட்டான்.

வரும்போது கால் கழுவச் சொல்வார்கள். போகிறவளைச் சொல்வார்களா? இனி இந்தப் பக்கம் வராதே என்கிறானா?

கழுவினாள். ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. வேலியோரம் கன்றுகளைத் தோண்டிக் குவித்துப் போட்டிருந்தார்கள். குப்பையாகப் போனாலும் போகட்டும், தங்கச்சிக்குத் தர மனசில்லை. நாலை எடுத்துக் கூடையில் போட்டுத் துண்டால் மூடிக்கொண்டு சந்தவாசல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி ரேணுகாம்பாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் ஒரு துண்டு வாழைமரம்.

“இதப் பாரு சசி.”

வெளியே பச்சை. வெட்டின இடத்தில், உள்ளே செம்பழுப்பாகக் கோடு கோடாக ஓடியிருந்தது.

“வாடல் நோவு. பூஞ்சாணமாம். வேர் வழியாப் பூந்து, தண்ணி போற நரம்புலயே குடித்தனம் பண்ணுதாம். மரத்துக்கே சந்தேகம் வராத மாதிரி தன்னை மாத்திக்கினு இருக்குமாம். எல வாடி நமக்குத் தெரியறதுக்குள்ள கன்னுக்குப் போயிடுதாம். ஒண்ணு நட்டாக்கூட, அந்த மண்ணுல வருஷக்கணக்கா வாழை வராதாம். விவசாய ஆபீசர் சொல்றாரு.”

“அண்ணன் இதைச் சொல்லியிருக்கலாமே அண்ணி?”

“சொன்னா மொத்த சொந்தமும் துக்கம் விசாரிக்கத் தோட்டத்துல வந்து எறங்கும். ஒவ்வொரு கால்லயும் மண்ணு ஒட்டிகினு போவும். மொதல்ல எல்லாத்தையும் கொளுத்திடலாம்னாரு. உனக்கு நோவில்லாத லேப் கன்னு சொல்லி வெச்சிருக்காரு.”

சசிகலாவின் கண் கூடைக்குப் போனது. நகை, குத்தகை, அரை ஏக்கர், எல்லாமே இந்த நாலு கன்றில் போயிருக்குமே.

“அண்ணி, நாலு எடுத்துட்டேன். கூடையோட எடுத்துக்கங்க. நல்லவேளை, பஸ் வரல.” அப்பாடா என்று இருந்தது.

ரேணுகாம்பாள் சிரித்துக்கொண்டே கூடையை வாங்கினாள்.

“நீ எடுத்ததை உங்க அண்ணன் பாத்துட்டாரு சசி. ‘கன்னைப் பத்திக் கேட்டுடாத, புள்ள கூசிப்போவும். நோவைப் பத்தி மட்டும் சொல்லு, அவளே குடுத்துடுவா’ன்னுதான் என்னை அனுப்புனாரு.”